தாழ்வான காரை ஃபெர்ரியில் ஏற்றலாமா?

கார் தாழ்வானது, ஆற்றில் தண்ணீர் குறைந்திருக்கிறது, சாய்தளத்தில் அடிப்பாகம் உரசுமா என்று கேட்டிருந்தீர்கள். உரச வாய்ப்பு உண்டு. தண்ணீர் இறங்கினால் படகும் இறங்கும், சரிவு கூடும். கரைச் சரிவும் படகின் இரும்புப் பலகையும் சேரும் மடிப்பில்தான் முன் பம்பர் இடிக்கும். அக்கரையில் ஏறும்போது பின் பம்பருக்கும் இதே கதை.

உடன் வருபவர்களை முன்பே இறக்கி நடந்து ஏறச் சொல்லுங்கள். டிக்கியில் கனமான சாமான் இருந்தால் பின்பக்கம் இன்னும் தாழும், அதையும் குறையுங்கள். மடிப்பை ஆமை வேகத்தில் கடக்க வேண்டும். அகலம் இருந்தால் சற்றுக் குறுக்காக ஏறுவது நல்லது, ஒவ்வொரு சக்கரமாக மடிப்பைத் தாண்டும். ஆனால் படகு ஊழியரிடம் முதலிலேயே "வண்டி தாழ்வு" என்று சொல்லிவிடுங்கள். அவர் கைகாட்டும் பாதைதான் கணக்கு. எங்கே நிறுத்தச் சொல்கிறாரோ அங்கேயே நிறுத்துங்கள், படகின் எடைச் சமநிலை அதில் இருக்கிறது. பலகை ஈரமாக இருந்தால் திடீரென ஆக்சிலரேட்டரை மிதிக்காதீர்கள், டயர் வழுக்கும்.

நின்றதும் எஞ்சினை அணைத்து ஹேண்ட்பிரேக் போடுங்கள். சாய்வை உணரும் அலாரம் இருந்தால் அதையும் அணையுங்கள், இல்லையேல் அக்கரை வரை அலறி மானத்தை வாங்கும்!

காருக்குள்ளேயே உட்கார வேண்டி வந்தால் சீட் பெல்ட்டைக் கழற்றி, கண்ணாடியை இறக்கி வையுங்கள். நெருக்கி நிறுத்தினால் கதவு திறக்காது.