யூதக் குடும்பச் சடங்குகள்: கேள்வி பதில்

கேள்வி: திங்கட்கிழமை இரவு பிறந்த ஆண் குழந்தைக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை விருத்தசேதனம் செய்தார்கள். எட்டாம் நாள் என்பது தவறிவிட்டதல்லவா?

பதில்: தவறவில்லை. யூத நாள் சூரியன் மறைந்ததும் தொடங்குவதால் அது செவ்வாய்க்கிழமைக் குழந்தை. பிறந்த நாளையும் சேர்த்து எண்ணினால் அடுத்த செவ்வாயே எட்டாம் நாள். அந்நாள் சனிக்கிழமை ஓய்வுநாளாகிய சப்பாத்தில் வந்தாலும் ‘பிரித் மிலா’ எனும் இந்த விருத்தசேதனச் சடங்கு தள்ளிப்போவதில்லை. வயிற்றைக் கீறி எடுத்த குழந்தைக்கு மட்டும் சப்பாத்தைத் தவிர்ப்பார்கள். உடல் நலமில்லாத குழந்தைக்கு, தேறும்வரை காத்திருப்பார்கள். ஒரு தாயின் இரு மகன்கள் இச்சடங்கால் இறந்திருந்தால் மூன்றாமவனுக்குச் செய்யலாகாது என்று யூதச் சட்ட விளக்கத் தொகுப்பாகிய தல்மூத் சொல்கிறது; குருதி உறையாமை நோய்க்கு மருத்துவம் பெயரிடுவதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தைய விதி அது. சடங்கின்போது தாத்தாவோ பெரியவர் ஒருவரோ குழந்தையை மடியில் ஏந்தியிருக்க, எலியா தீர்க்கதரிசிக்கென ஒரு நாற்காலி ஒதுக்கப்பட்டிருக்கும். அழும் குழந்தையின் உதட்டில் ஒரு துளி திராட்சை ரசம் தொட்டு வைப்பார்கள்.

கேள்வி: சப்பாத்தில் செய்யலாமா?

பதில்: மேலே சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: உயிரோடிருக்கும் தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைப்பது யூதர்களுக்கு விலக்கா?

பதில்: போலந்து, ரஷ்யா பக்கத்து அஷ்கெனாசியர் (நடு, கிழக்கு ஐரோப்பிய யூத மரபினர்) வைக்கமாட்டார்கள், மரண தூதன் தாத்தா என்று எண்ணிப் பேரனை எடுத்துச் சென்றுவிடுவான் என்ற அச்சத்தையும் காரணமாகச் சொல்வதுண்டு. மொராக்கோ, சிரியா, துருக்கியைச் சேர்ந்த செஃபார்திய மரபினரிடையே, தாத்தா வாழும்போதே அவர் பெயரைப் பேரனுக்கு வைப்பது அவருக்குச் செய்யும் மரியாதை. ‘பெயரன்’ என்ற சொல்லை வைத்திருக்கும் நமக்கு இது வியப்பளிக்காது.

கேள்வி: நீங்கள் சொல்வது தவறு. அது மதச் சட்டம். அஷ்கெனாசியர் எவரும் மீறமாட்டார்கள்.

பதில்: சட்டமன்று, வழக்கம். மோசேயின் ஐந்நூல்களாகிய தோராவிலும் தல்மூதிலும் அத்தகைய தடை இல்லை. நெதர்லாந்தின் அஷ்கெனாசியரே வாழும் தாத்தா பாட்டியரின் பெயர்களைச் சூட்டி வந்திருக்கிறார்கள். ‘யூதர்கள் எல்லோரும்’ என்று தொடங்கும் வாக்கியத்தை எழுதுமுன் ஒருமுறை நிறுத்திக்கொள்ளுங்கள் என்று வேண்டுகிறேன்.

கேள்வி: துக்கம் காக்கும் ‘ஷிவா’வுக்கும் சிவபெருமானுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: இல்லை, அது எபிரேய மொழியில் ஏழு; துக்கம் காப்பது ஏழு நாள். அடக்க நாளே முதல் நாள். தாழ்ந்த இருக்கையில் அமர்ந்திருக்கும் துக்கத்தார் வாய் திறக்கும்வரை வந்தவர் பேசலாகாது. அடக்கம் முடிந்து வந்ததும் அண்டை அயலார் சமைத்துக் கொண்டுவரும் முதல் உணவில் அவித்த முட்டை இருக்கும். பெற்றோருக்காக மகன் பதினொரு மாதம் ஓதும் கதீஷ் பிரார்த்தனையில் மரணத்தைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது.

கேள்வி: மணவிலக்குப் பத்திரத்தை கணவர் தர மறுத்தால்?

பதில்: யூத மதகுருமாராகிய ரபிகளின் நீதிமன்றத்தையும் ஒரு வழக்கறிஞரையும் நாடுங்கள்.

கேள்வி: வெள்ளிக்கிழமை மாலை பிறந்தால் எட்டாம் நாள் எது?

பதில்: மறுபடியும் எட்டாம் நாளா! சூரியன் மறைந்துவிட்டதா?

கேள்வி: மறைந்துவிட்டது, ஆனால் விண்மீன்கள் தோன்றவில்லை.

பதில்: அப்படியானால் மன்னியுங்கள், இதுதான் நல்ல கேள்வி. அந்த அந்திப்பொழுது பகலா இரவா என்பது ஐயம். அடுத்த வெள்ளியன்று செய்தால் ஏழாம் நாளாக இருந்துவிடலாம். சனியன்று செய்தால் ஒன்பதாம் நாளாக இருந்துவிடலாம், எட்டாம் நாள் தவறியபின் சப்பாத்தில் செய்ய அனுமதி இல்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமைதான் செய்வார்கள்.