அறிவுரை மட்டும் போதாது

கேள்வி: எங்கள் பள்ளியில் ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவர் ஒருவர் வந்து பாலியல் கல்வி பற்றிப் பேசுகிறார். 'கட்டுப்பாடாக இருங்கள்' என்பதற்கு மேல் பிள்ளைகளுக்கு எதற்கு? (ஓர் ஆசிரியர்)

பதில்: அதற்கு மேல்தான் பாலியல் கல்வியே தொடங்குகிறது. திருமணம்வரை விலகியிருங்கள் என்று மட்டும் போதித்த நான்கு திட்டங்களை அமெரிக்க நாடாளுமன்றத்தின் உத்தரவின்பேரில் ஆராய்ந்து 2007இல் அறிக்கை வெளியிட்டார்கள். அவற்றில் சேர்ந்தவர்களும் சேராதவர்களும் முதலுறவு கொண்ட சராசரி வயது ஒன்றாகவே இருந்தது.

கென்யாவில் நடந்து 2011இல் வெளியான ஓர் ஆய்வை எண்ணிப் பாருங்கள். எந்த வயது ஆண்களில், எந்த வயதுப் பெண்களில் எத்தனை பேருக்கு ஹெச்.ஐ.வி. தொற்று இருக்கிறது என்பதை வகுப்பில் கரும்பலகையில் எழுதிக் காட்டினார்கள். தம் வயதுப் பையன்களைவிட, வயதில் மூத்த ஆண்களிடமே ஆபத்து பல மடங்கு அதிகம் என்பதை அந்த எண்களிலிருந்து மாணவிகள் தாமே கண்டுகொண்டார்கள்; அவர்களிடையே கர்ப்பம் 28 சதவீதம் குறைந்தது. விலகியிருத்தலையே வலியுறுத்திய அரசுப் பாடத்திட்டத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த பள்ளிகளில் அப்படிக் குறையவில்லை. எதில், யாரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று தெளிவாகச் சொன்னால் பிள்ளைகள் கேட்கிறார்கள்.

ஆனால் தெரிந்துகொள்வது பாதிதான். ஆண், பெண் உறவில் யார் கை ஓங்கியிருக்கிறது, 'வேண்டாம்' என்று சொல்லும் தைரியம் யாருக்கு இல்லை என்பதையும் பேச வேண்டும். 22 பாலியல் கல்வித் திட்டங்களை ஒப்பிட்டு 2015இல் வெளிவந்த ஆய்வில், இந்தப் பேச்சுக்கு இடமளித்த திட்டங்களில் 80 சதவீதம் கர்ப்பத்தையோ பால்வினை நோயையோ குறைத்திருந்தன. இடமளிக்காதவற்றில் 17 சதவீதம்தான். எனக்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

மறுப்பதை வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். இருவர் இருவராக எழுந்து நின்று, வற்புறுத்தல் வந்தால் எந்தச் சொல்லில் பதில் சொல்வது என்று பேசிப் பார்க்க வேண்டும். கருத்தடை முறைகளையும் ஆணுறையையும் பற்றிக் கூச்சமில்லாமல் விளக்கும் பயிற்சி ஆசிரியருக்கு வேண்டும். இவற்றைச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் சீக்கிரமே கெட்டுப்போவார்கள் என்ற அச்சத்துக்கு ஆதாரமில்லை என்பதை யுனெஸ்கோவின் 2018 வழிகாட்டி தெளிவாகவே சொல்கிறது.

அடுத்த முறை மருத்துவர் வருவதற்கு ஒரு வாரம் முன்பே வகுப்பில் ஒரு பெட்டியை வையுங்கள். பெயர் எழுதாத சீட்டுகளில் பிள்ளைகள் கேட்பவற்றை நீங்கள் முதலில் படியுங்கள். வந்தவரை அவற்றுக்கே பதில் சொல்ல வையுங்கள். அவர் போன பிறகும் பெட்டி அங்கேயே இருக்கட்டும்.