பேய்ப் படத்துக்கு ஒலி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ரோஸ் ஹில் மாணவி: கல்லூரிக்காக ஒரு பேய்க் குறும்படம் எடுக்கிறோம். இணையத்தில் எடுத்த அலறல், கதவுக் கிறீச்சொலி எல்லாம் சேர்த்தும் யாரும் பயப்படவில்லையே?

அந்த அலறலை எல்லோரும் பல படங்களில் கேட்டாயிற்று. நம் மொரீஷியஸ் இரவில் என்ன கேட்கிறதோ அதிலிருந்து தொடங்குங்கள். லிச்சி பழுக்கும் காலத்தில் மரத்துக்கு மரம் பழந்தின்னி வௌவால்கள் சண்டை போடும். அந்தக் கீச்சலை 96 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில் (பதிவுக் கருவியில் sample rate என்றிருக்கும்) பதிவு செய்து பாதி வேகத்தில் ஓட விடுங்கள். சுருதி ஒரு ஸ்தாயி இறங்கும். மிருகமா மனிதனா என்று சொல்ல முடியாத குரல் வரும். கரும்புத் தோகை உரசுவதையும் எடுங்கள், மைக்குக்குக் காற்றுத் தடுப்பு உறை போட்டுக்கொண்டு.

அப்புறம், பயம் வருவது சத்தத்துக்கு முந்தைய நொடிகளில்தான். காட்சி முழுக்கச் சில்வண்டும் தவளையும் கேட்கட்டும். பேய் வருவதற்குச் சற்று முன் அவற்றை நிறுத்துங்கள். ஆனால் ஒலியே இல்லாமல் வெட்டாதீர்கள். ஸ்பீக்கர் போய்விட்டது என்று நினைப்பார்கள். படப்பிடிப்பு நடந்த இடத்தில் எல்லோரும் வாய்மூடி நிற்க, ஒரு நிமிட வெறும் ஒலியைப் பதிவு செய்து வையுங்கள். அந்த இடைவெளியை அது நிரப்பும்.

த்ரியோலே வாசகர்: ரவான் என்ற நம் ஆட்டுத்தோல் மேளம் பேய்ப் படத்துக்குப் பொருந்துமா? அதைக் கேட்டால் நம் செகா ஆட்டப்பாட்டு ஞாபகம்தானே வரும்?

தாளம் வாசித்தால் வரும். அதனால் தாளம் வேண்டாம். வழக்கமாக ஆட்டுத்தோலைத் தீயில் காய்ச்சி முறுக்கேற்றுவார்கள்; நீங்கள் காய்ச்சாதீர்கள். ஈரக்காற்றில் தொய்ந்த தோலை உள்ளங்கையால் மெல்லத் தட்டினால் கனத்த, மந்தமான அடி கிடைக்கும். விரல் நுனியை லேசாக நனைத்து, அழுத்தித் தோலின் மேல் இழுத்துப் பாருங்கள். ரவான் முனகும். எனக்கு மிகப் பிடித்த ஒலி அது. ஒரு எச்சரிக்கை: போன் ஸ்பீக்கரில் இத்தனை கீழான ஒலி ஏறக்குறைய கேட்காது. அதே அடியை ஒரு ஸ்தாயி உயர்த்தி மெல்லிதாகக் கூடவே சேருங்கள்.

போர்ட் லூயி வாசகர்: காவடி ஊர்வலத்தில் பதிவு செய்த உடுக்கையையும் கூட்டக் குரலையும் பேய்க் காட்சியில் போடலாமா?

வேண்டாம். விரதமிருந்து நடப்பவர்களின் குரலைப் பேயோடு சேர்க்க எனக்கு மனம் ஒப்பாது. அவர்கள் அதற்குச் சம்மதிக்கவும் இல்லை. உடுக்கை ஒலிதான் தேவையென்றால், தெரிந்த கலைஞரை அறைக்கு அழைத்து வாசிக்கச் சொல்லுங்கள். இடைக்கயிற்றை அழுத்தி விடும்போது சுருதி ஏறி இறங்கும். அதை மட்டும் பாதி வேகத்தில் போட்டாலே போதும்.

க்யூர்பிப் வாசகி: எனக்கு இசை கொஞ்சம்தான் தெரியும், வீட்டில் ஹார்மோனியம் இருக்கிறது. எந்த ராகம்?

ராகமே வேண்டாம். ஸட்ஜத்தையும் சுத்த ரிஷபத்தையும் ஒன்றாக அழுத்திப் பிடியுங்கள், அடுத்தடுத்த கட்டைகள். உரசல் தாங்காது. ஸட்ஜத்தோடு பிரதி மத்தியமம் (கறுப்பு, வெள்ளை எல்லாம் எண்ணினால் ஸட்ஜத்துக்கு மேலே ஆறாவது கட்டை) வேறு விதமான நிலையின்மை தரும். காதுக்குத் தெரியாத அளவில் தொடங்கி மெதுவாக ஏற்றுங்கள், வசனம் வரும் இடத்தில் இறக்கிவிடுங்கள்.

அதே வாசகி: எலும்பு முறியும் சத்தம்?

செலரித் தண்டை ஈரத்துணியில் சுற்றி, மைக்குக்குப் பக்கத்தில் முறுக்கி ஒடியுங்கள். பதிவுக் கருவியின் மீட்டரில் ஒலி அளவு மைனஸ் 12 டெசிபெல்லைத் தாண்டாமல் வையுங்கள். எதிர்பாராமல் பலமாக ஒடிந்தாலும் ஒலி உடையாது.