பெட்டியில் 10 கி.மீ. என்று போட்டிருக்கிறதே, லேசர் அவ்வளவு தூரம் போகுமா?

கேள்வி: கிராமத்துப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். இரவில் பிள்ளைகளுக்கு நட்சத்திரங்களைச் சுட்டிக்காட்ட 5 மில்லிவாட் பச்சை லேசர் ஒன்று வாங்கினேன். 10 கி.மீ. வரை போகும் என்று பெட்டியில் இருக்கிறது. ஆனால் 200 மீட்டர் தள்ளியுள்ள தண்ணீர்த் தொட்டியில் அடித்தாலே புள்ளி சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பெரிதாகி மங்கலாக விழுகிறது. கருவியில் கோளாறா? முன்னால் லென்ஸ் வைத்தால் சரியாகுமா? மேலே போகும் விமானங்களுக்குத் தொந்தரவு வருமா?

பதில்: கோளாறு எதுவும் இல்லை. தட்டு 25 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், 200 மீட்டருக்கு 25 செ.மீ. விரிந்திருக்கிறது. அதாவது மீட்டருக்கு 1.25 மில்லிமீட்டர். இதைத்தான் விரிகோணம் 1.25 மில்லிரேடியன் என்று சொல்கிறோம். கைக்கு அடக்கமான லேசர்களில் 1 மில்லிரேடியனை ஒட்டி இருப்பது சகஜம்.

லேசர் என்றால் விரியாமல் நேர்கோட்டில் போகும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஒளி ஒரு சின்னத் திறப்பு வழியே வெளியே வந்தால் ஓரங்களில் வளைந்து விரியும், இதுதான் விளிம்பு விளைவு. இதிலிருந்து எந்த ஒளியும் தப்ப முடியாது. புறப்படும் இடத்தில் கற்றை எவ்வளவு ஒல்லியோ, போகப்போக அவ்வளவு வேகமாக விரியும். 532 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளி 1 மில்லிமீட்டர் அகலத்தில் கிளம்பினால், எவ்வளவு உயர்ந்த கருவியாக இருந்தாலும் விரிகோணம் சுமார் 0.7 மில்லிரேடியனுக்குக் கீழே இறங்காது. உங்களுடையது அந்த எல்லையிலிருந்து அதிகம் விலகவில்லை.

விரிகோணத்தை நீங்களே சரியாக அளந்துவிடலாம். மாணவர்களுக்கும் நல்ல செய்முறை. சுவரில் வரைபடத்தாள் ஒட்டி, 20 மீட்டரில் ஒரு முறையும் 120 மீட்டரில் ஒரு முறையும் புள்ளியின் அகலத்தைக் குறியுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இடைத்தூரமான 100 மீட்டரால் வகுத்தால் விடை வந்துவிடும். 2.5 செ.மீ., 14.5 செ.மீ. என்று கிடைத்தால் வித்தியாசம் 12 செ.மீ., விரிகோணம் 1.2 மில்லிரேடியன். போனில் படம் எடுத்து அளப்பதாக இருந்தால் வெளிச்ச அளவை நன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் புள்ளி ஊதிப்போய்த் தெரியும். சுவர் கண்ணாடியோ பளபளக்கும் டைல்ஸோ பதித்ததாக இருக்கக் கூடாது.

இப்போது அந்த 10 கி.மீ. விஷயம். ஒளி குறிப்பிட்ட தூரம் போனதும் நின்றுவிடுவதில்லை. விரிந்துகொண்டே போகும், வழியில் தூசியும் காற்றும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதறடிக்கும், அவ்வளவுதான். உங்கள் லேசர் 10 கி.மீ. தள்ளி சுமார் 12 மீட்டர் அகல வட்டமாக விழும். காற்று எதையும் தின்னவில்லை என்று வைத்தாலும் அங்கே வெளிச்சம் 0.02 லக்ஸ்தான் (லக்ஸ் என்பது ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு), முழுநிலா வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. சுவரில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த வட்டத்துக்குள் ஒருவர் நின்று உங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தால் கதையே வேறு. தெளிவான இரவில், வெள்ளிக் கோள் உச்சப் பிரகாசத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு பளிச்சென்று ஒரு பச்சைப் புள்ளி அவர் கண்ணில் அடிக்கும். எவ்வளவு தூரம் போகும் என்று யாராவது கேட்டால், எதில் விழுவதற்கு என்று நான் திருப்பிக் கேட்பது இதனால்தான். சுவருக்கு ஒரு தூரம், கண்ணுக்கு வேறு தூரம்.

2012 மார்ச்சில் அமெரிக்காவின் சான் அன்டோனியோ நகர வானியல் ஆர்வலர்கள் 1 வாட் நீல லேசரையும் பெரிய தேடுவிளக்குகளையும் கொண்டு விண்வெளி நிலையத்தை நோக்கி ஒளி காட்டினார்கள். ஏறக்குறைய 400 கி.மீ. உயரத்திலிருந்து விண்வெளி வீரர் டான் பெட்டிட் அதைப் பார்த்தார். முன்கூட்டியே பேசிவைத்துச் செய்தது அது.

விமானிக்கு அப்படி எந்த முன்னறிவிப்பும் கிடையாது. 5 மில்லிவாட், 1 மில்லிரேடியன் பச்சை லேசருக்கான கணக்கு இது: நேராகக் கண்ணில் பட்டால் சுமார் 16 மீட்டருக்குள் விழித்திரைக்கே ஆபத்து. 80 மீட்டர் வரை கண் சிறிது நேரம் இருண்டுவிடும். 350 மீட்டர் வரை கூச்சம் எதிரே இருப்பதை மறைக்கும். கவனத்தைச் சிதறடிப்பதற்கு 3.5 கி.மீ. வரைகூடப் போதும். இருட்டுக்குப் பழகிய கண், ஒளியைச் சிதறடிக்கும் முன்கண்ணாடி, தரையிறங்க இன்னும் சில நொடிகள் என்ற நிலை, எல்லாம் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சென்னையில் இறங்க வந்த விமானங்கள் மீது லேசர் அடித்த சம்பவங்கள் செய்தியிலேயே வந்தன. விளையாட்டாகச் செய்ததாக இருந்தாலும் அது குற்றம்.

லென்ஸ் கேள்விக்கு வருகிறேன். ஒரே ஒரு குவிலென்ஸ் வைத்தால் கற்றை ஓரிடத்தில் குவிந்து, அப்புறம் முன்னைவிட மோசமாக விரியும். இரண்டு லென்ஸ் வேண்டும், தொலைநோக்கியைத் திருப்பிப் பிடித்த மாதிரி. கற்றையை முதலில் 10 மடங்கு அகலமாக்கி அனுப்பினால் விரிகோணம் பத்தில் ஒரு பங்காகிவிடும். அமெரிக்காவின் அப்பாச்சி பாயிண்ட் வானாய்வகத்தில் இதே பச்சை லேசர் ஒளியை 3.5 மீட்டர் தொலைநோக்கி வழியாக நிலாவுக்கு அனுப்பி, அப்பல்லோ வீரர்கள் அங்கே வைத்துவிட்டு வந்த பிரதிபலிப்பான்களில் பட்டுத் திரும்புவதை அளக்கிறார்கள். நிலாவைத் தொடும்போது அந்தக் கற்றையின் அகலம் சுமார் 2 கி.மீ. உங்கள் லேசரை அப்படியே நிலாவுக்குத் திருப்பினால் 450 கி.மீ.க்கு மேல் பரவிவிடும்.

ஆனால் உங்களுக்கு அந்த லென்ஸ் ஏற்பாடு வேண்டவே வேண்டாம். விரிகோணம் 10 மடங்கு குறைந்தால், மேலே சொன்ன ஆபத்துத் தூரங்களும் ஏறக்குறைய 10 மடங்கு நீளும். பயனும் இல்லை. பிள்ளைகள் பார்ப்பது, காற்றிலும் தூசியிலும் பட்டுச் சிதறி அவர்கள் கண்ணுக்குத் திரும்பி வரும் ஒளியை மட்டும்தான். உங்கள் பக்கத்தில் நின்று பார்ப்பவர்களுக்கு அந்தக் கோடு தூரம் போகப்போக ஒரு புள்ளியில் குவிவதால், நட்சத்திரத்தில் போய் முட்டி நின்ற மாதிரி தோன்றுகிறது. அதற்கு 5 மில்லிவாட் பச்சை தாராளம். சிவப்பில் இது எடுபடாது. 650 நானோமீட்டர் சிவப்பைவிட இந்தப் பச்சை நம் கண்ணுக்கு 8 மடங்கு பிரகாசம்.

விலை மலிவான பச்சை லேசர்களில் இன்னொரு சங்கடம் உண்டு. பெரும்பாலானவை உள்ளே அகச்சிவப்பை உண்டாக்கி அதிலிருந்துதான் பச்சையை எடுக்கின்றன. தடுக்கும் வடிகட்டி இல்லாவிட்டால் அந்த அகச்சிவப்பும் சேர்ந்து வெளியே வரும். கண்ணுக்குத் தெரியாது என்பதால் இமையும் மூடாது. லேபிளில் 5 என்று போட்டுவிட்டு உள்ளே அதைவிடப் பல மடங்கு திறன் இருப்பதும் நடக்கிறது. அதனால் லேசரை மாணவர்கள் கையில் கொடுக்காதீர்கள், நீங்களே பிடியுங்கள். பிள்ளைகளை உங்கள் பின்னால் நிறுத்துங்கள். பொத்தானை அழுத்துமுன் வானத்தை ஒரு சுற்றுப் பாருங்கள், விமானச் சத்தம் கேட்டாலே நிறுத்திவிடுங்கள். ஒரு நட்சத்திரத்துக்கு மூன்று நான்கு நொடி போதும். விமானங்கள் தாழ்வாக இறங்குவது தெரியும் ஊர் என்றால் லேசரை வீட்டிலேயே வைத்துவிட்டு, சிவப்புத் தாள் கட்டிய டார்ச்சும் நட்சத்திர வரைபடமும் எடுத்துப் போங்கள்.