ஈரம் பார்க்கிற மீட்டர் யார் கையில்?

கேள்வி: அக்கா, பரந்தனுக்குக் கிட்ட ஒரு அரிசி ஆலையில் முகாமையாளராக இருக்கிறேன். நெல் வாங்கும் பகுதிக்கு ஒரு பொறுப்பாளர், ஆலைக்கு இன்னொருவர். இரண்டு பேரும் கெட்டிக்காரர்கள், ஆனால் முகம் பார்த்துக் கதைப்பதில்லை. "பச்சை நெல்லைக் கொண்டுவந்து என் தலையில் கட்டுகிறார்" என்கிறார் ஆலைக்காரர். "மழையோடும் தரகரோடும் மல்லுக்கட்டுகிறவன் நான், இவர் உள்ளே இருந்து குறை பிடிக்கிறார்" என்கிறார் மற்றவர். ஈரம் பார்க்கிற மீட்டர் வாங்குபவரிடம் இருக்கிறது. கிலோ விலையைக் குறைத்து வாங்கினால் அவருக்கு ஊக்கப்படியும் உண்டு. கொள்வனவுப் பகுதியை ஆலைப் பொறுப்பாளருக்குக் கீழே கொண்டுவந்துவிடலாமா?
– பெயர் வேண்டாம், பரந்தன்

பதில்: வேண்டாம் தம்பி. கொண்டுவந்தால் சத்தம் நிற்கும், அது உண்மைதான். ஆனால் அடுத்த காலபோகத்தில் ஆலைக்காரர் காய்ந்த நெல் மட்டும் வேண்டும் என்று நிற்பார். வெட்டு மும்முரத்தில் காய்ந்த நெல்லுக்கு எங்கே போவது? மெசின் கொட்டுகிற நெல்லை அன்றைக்கே விற்றுக் கடனை அடைக்க வேண்டியவர்கள்தான் இங்கே அதிகம். காயவிடத் தளம் இல்லாமல் ரோட்டுக்கரையில் நெல்லைப் பரப்புகிற சனம் நாங்கள். நீங்கள் பார்த்துக்கொண்டிருக்க, தெற்கிலிருந்து வருகிற லொறிகள் ஏற்றிக்கொண்டு போய்விடும்.

உங்கள் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, மீட்டரும் ஊக்கப்படியும் என்று. விஷயம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 2025 பெப்ரவரியில் அரசாங்கம் 'நாடு' ரக நெல்லுக்குக் கிலோ 120 ரூபாய் என்று அறிவித்தது. நெல்லின் ஈரம் 14 வீதத்துக்குள் இருந்தால்தான் அந்த விலை. உங்கள் ஆள் 20 வீத ஈரத்தில் 110 ரூபாய்க்கு வாங்கி, கிலோவுக்குப் பத்து ரூபாய் மிச்சம் பிடித்தேன் என்கிறார் என்று வையுங்கள். அந்த 100 கிலோ காய்ந்து 14 வீதத்துக்கு வரும்போது 93 கிலோதான் இருக்கும். அதாவது கிலோ 118 ரூபாயைத் தாண்டிவிட்டது. ஈரம் 22 வீதம் என்றால் 121. காயவிடுகிற கூலி இன்னும் சேரவில்லை. வாங்குபவருக்கு ஊக்கப்படி, நட்டம் ஆலைக்காரருடைய கணக்கில். இப்படி வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் ஒற்றுமையாக இரு என்றால் யார் இருப்பார்கள்?

மிஷேல் குரோசியே என்றொரு பிரெஞ்சு சமூகவியலாளர் 1960களில் தங்கள் அரசாங்கப் புகையிலைத் தொழிற்சாலைகளைப் பற்றி எழுதினார். அங்கே எல்லாமே சட்டப்படி, யார் என்ன செய்ய வேண்டும் என்பதும் எழுத்தில். எப்போது வரும் என்று தெரியாத ஒரே விஷயம் இயந்திரம் பழுதாவது. அதைத் திருத்தத் தெரிந்தவர்கள் பராமரிப்புத் தொழிலாளர்கள் மட்டும். திருத்துகிற முறையை அவர்கள் எழுதியும் வைக்கவில்லை, எல்லாம் தலைக்குள். பதவியில் கீழே இருந்த அவர்களை மேலே இருந்தவர்களாலும் அசைக்க முடியவில்லை. உங்கள் ஆலையில் அந்த இடம் மீட்டருக்கு. ஆலைக்காரரையும் சும்மா விடாதீர்கள். 100 கிலோ நெல்லுக்கு எத்தனை கிலோ அரிசி விழுந்தது, குறுணல் எவ்வளவு என்பது அவர் கொப்பியில் மட்டும்தானே இருக்கும்? அவர் சொன்னதுதான் கணக்கு. ஆளுக்கொரு துருப்புச் சீட்டைப் பொத்தி வைத்திருக்கிறார்கள்.

இரண்டையும் வெளியே எடுங்கள். மீட்டரைத் தராசடியில் வையுங்கள். லொறி வந்ததும் இரண்டு பகுதியிலும் ஒவ்வொரு பெடியன் நிற்கட்டும். மூடையின் வாயில் அள்ளிப் பார்க்கக்கூடாது, மேல் நெல் வெயிலில் காய்ந்திருக்கும். நடுவில் குழாயைக் குத்தி, நாலைந்து மூடையில் எடுத்துக் கலந்து பார்க்க வேண்டும். சிட்டை மூன்று பிரதி: ஆலைக்கு ஒன்று, கணக்குப் பகுதிக்கு ஒன்று, நெல் கொண்டுவந்தவருக்கு ஒன்று. கமக்காரரும் அந்த எண்ணைத் தன் கண்ணால் பார்க்கட்டும், அது அவருடைய நெல். அதே சிட்டை இலக்கத்தில் ஆலை அரிசிக் கணக்கைக் காட்ட வேண்டும்.

ஊக்கப்படியை நெல் விலையிலிருந்து கழற்றுங்கள். நல்ல அரிசி ஒரு கிலோ என்ன அடக்க விலையில் வெளியே வந்தது என்று பார்த்து, இரண்டு பேருக்கும் அதிலேயே கொடுங்கள்.

அதிகாரத்தையும் பிரித்து விடுங்கள். யாரிடம், என்ன விலைக்கு வாங்குவது என்பதில் ஆலை தலையிடக்கூடாது. தளமும் உலர்த்தியும் இன்றைக்கு எத்தனை லொறி ஈர நெல் தாங்கும் என்பதை ஆலை காலையிலேயே சொல்ல வேண்டும். சொன்ன அளவுக்குள் வந்த லொறியைத் திருப்பக்கூடாது. அதற்கு மேல் ஏற்றுவதென்றால் வாங்குபவர் முதலில் ஃபோன் போட்டுக் கேட்க வேண்டும்.

அப்புறம், நீங்கள். தனித்தனியாக வந்து முறையிடுகிறவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள். பிணக்கு இதுதான் என்று இரண்டு பேரும் ஒரே தாளில் எழுதிக் கையெழுத்து வைத்து வந்தால் மட்டும் தீர்ப்புச் சொல்லுங்கள். கூட்டுறவுச் சங்கத்தில் இருந்த காலத்தில் களஞ்சியத்துக்கும் கடைப் பகுதிக்கும் நான் இதைத்தான் சட்டமாக வைத்திருந்தேன். அந்தத் தாளை எழுதுவதற்குள்ளேயே பாதிச் சண்டை முடிந்துவிடும், ஏனென்றால் எழுதக் கதைக்க வேண்டும்.

கேள்வி: உழவு இயந்திர உதிரிப்பாகம் விற்கும் கம்பனியில் விற்பனைப் பகுதியில் இருக்கிறேன். 30 நாளுக்கு மேல் கடன் கொடுக்கக் கணக்குப் பகுதி விடுவதில்லை. எங்கள் கையைக் கட்டுகிறார்களே?
– வாசகி, வவுனியா

பதில்: ஒக்டோபரில் பாகம் வாங்கி விதைக்கிறவருக்கு நெற்காசு கையில் வர பெப்ரவரி, மார்ச் ஆகும். 30 நாள் என்பது கொழும்புக் கடைக்குச் சரி, வன்னி வயலுக்குச் சரிவராது. அந்த வகையில் நியாயம் உங்கள் பக்கம். ஆனால் தங்கச்சி, கடனை எழுதுகிறவர் நீங்கள், வீடு வீடாக அலைந்து அறவிடுகிறவர் கணக்குப் பகுதிப் பெடியன் என்றால் அவர்கள் விட மாட்டார்கள்தான். விற்பனைத் தரகில் பாதியை விற்றவுடனும் மீதியைக் காசு வந்த பிறகும் எடுக்கிறோம் என்று நீங்களே போய்ச் சொல்லுங்கள். அறுவடைத் தவணை கேட்டு ஒரு ஆளுக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பும் போட்டுக் கொடுங்கள். வரம்பை அவர்கள் தீர்மானிக்கட்டும், ஆளை நீங்கள் தீர்மானியுங்கள்.