குள்ள விண்மீன் மண்டலத்தின் வாயு கலைந்திருக்கிறதா? நட்சத்திரங்களைப் பாருங்கள்

கேள்வி: முதுகலைத் திட்டப்பணிக்காக ஒரு குள்ள விண்மீன் மண்டலத்தின் 21 செ.மீ. ரேடியோ வரைபடத்தை (ஹைட்ரஜன் அணுக்கள் உமிழும் ரேடியோ அலையில் எடுத்தது) வைத்திருக்கிறேன். ஹைட்ரஜன் வாயு ஒரு பக்கம் நெருக்கமாகவும் மறுபக்கம் வால்போல நீண்டும் தெரிகிறது. பக்கத்து மண்டலம் இழுத்ததா, சுற்றியிருக்கும் சூடான வாயு தள்ளியதா? எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முதலில் அதே மண்டலத்தின் ஆழமான ஒளிப்படம் ஒன்றைத் தேடி எடுத்து, உங்கள் வரைபடத்தோடு ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். ஈர்ப்பு விசைக்கு நட்சத்திரம், வாயு என்ற பாகுபாடு கிடையாது. இரண்டையும் சேர்த்தே இழுக்கும். சூடான வாயுவின் அழுத்தமோ, வேகமாகப் போகும் வண்டியில் முகத்தில் அறையும் காற்று மாதிரி. அது வாயுவை மட்டும் பின்னால் தள்ளும், நட்சத்திரங்களை அசைக்காது. ஆக, நட்சத்திரங்கள் ஒழுங்காக இருந்து வாயு மட்டும் சாய்ந்திருந்தால் சந்தேகம் அழுத்தத்தின் மீது விழும்.

இதோடு முடிவு கட்டிவிடாதீர்கள். வாயு வட்டு பெரும்பாலும் நட்சத்திர வட்டைவிட வெகுதூரம் பரந்திருக்கும். அதனால் ஈர்ப்பு இழுத்தாலும் விளிம்பு வாயு மட்டும் பிய்ந்து வரலாம். மெகல்லானிக் நீரோட்டம் இதற்கு நல்ல சாட்சி. வானில் 100 டிகிரிக்கும் மேல் நீளும் அந்த வாயுப் பட்டையில் நட்சத்திரங்கள் மிக அரிது. ஆனாலும் பால்வீதியின் துணை மண்டலங்களான பெரிய, சிறிய மெகல்லானிக் மேகங்கள் ஒன்றையொன்று இழுத்ததற்கு அதில் முக்கியப் பங்கு உண்டு என்றே கருதுகிறோம். அதே பெரிய மேகம் பால்வீதியின் சூடான வாயுவைக் கிழித்துக்கொண்டு முன்னேறும் பக்கத்தில், அதன் வாயு விளிம்பு நட்சத்திரங்களுக்கு உள்ளேயே நின்றுவிடுகிறது. அது அழுத்தத்தின் வேலை. ஒரே மண்டலத்தில் இரண்டும் நடக்கும்.

அழுத்தம் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்கு. குள்ள மண்டலங்களின் ஈர்ப்புப் பிடி பலவீனம் என்பதால் சீக்கிரம் தோற்றுவிடும். பால்வீதியிலிருந்து சுமார் 9 லட்சம் ஒளியாண்டுக்குள் இருக்கும் துணை மண்டலங்களில், இந்த இரு மேகங்களைத் தவிர மற்றவற்றில் ஹைட்ரஜன் வாயு அநேகமாக இல்லை. சுமார் 13 லட்சம் ஒளியாண்டு தள்ளியிருக்கும் லியோ டி (Leo T) என்ற குள்ள மண்டலம், மிகச் சிறியதாக இருந்தும் வாயுவை இன்னும் வைத்திருக்கிறது.

அப்புறம், வாயு எங்கெங்கே எவ்வளவு வேகத்தில் நம்மை நோக்கி வருகிறது அல்லது விலகிப் போகிறது என்று காட்டும் திசைவேக வரைபடம். உள்பகுதி சீராகச் சுழன்று, வெளிப்பகுதி மட்டும் விலகினால் வெளியாரின் கை இருக்கிறது. இந்த மண்டலங்களில் வாயுவின் கொந்தளிப்பே நொடிக்கு 10 கி.மீ. அளவில் இருக்கும். அதைவிடச் சிறிய விலகலுக்குக் கதை கட்டாதீர்கள். வாயுவின் நடுவில் ஓட்டைகளும் அவற்றின் விளிம்பில் புது நட்சத்திரங்களும் தெரிந்தால், அது சூப்பர்நோவாக்கள் (வெடித்துச் சிதறும் நட்சத்திரங்கள்) உள்ளிருந்து செய்ததாக இருக்கலாம்.

வால் உங்கள் தொலைநோக்கியின் பீம் (ஒரு புள்ளியை அது படத்தில் பரப்பிக் காட்டும் வடிவம்) நீண்டிருக்கும் திசையிலேயே நீள்கிறதா என்றும் பாருங்கள். அப்படியென்றால், வேறு பீம் வடிவத்தில் படத்தை மறுபடி உருவாக்கிச் சரிபார்க்காமல் எதையும் எழுத வேண்டாம்.

பக்கத்தில் யாரும் இல்லையே என்று ஈர்ப்பை ஒதுக்குவதும் அவசரம். நொடிக்கு 100 கி.மீ. வேகத்தில் விலகிய மண்டலம், 100 கோடி ஆண்டில் 3 லட்சம் ஒளியாண்டுக்கு மேல் போயிருக்கும். அண்டை மண்டலங்களைக் குறைந்தது அந்தத் தொலைவு வரை தேடுங்கள்.