கணினி நிறுவனத்தின் கைப்பேசிப் பிரிவில் வேலை: சேரலாமா? பினாங்குத் தந்தை ஒருவருக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

மின்னணுப் பொறியியல் இறுதியாண்டை முடிக்கும் உங்கள் மகளுக்குப் பினாங்கின் தொழிற்பேட்டைப் பகுதியான பாயான் லெப்பாஸில் இரண்டு இடங்களிலிருந்து வேலைக் கடிதம் வந்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். ஒன்று, மடிக்கணினியில் பெயர் பெற்ற ஒரு நிறுவனம் புதிதாகத் தொடங்கும் திறன்பேசிப் பிரிவு. மற்றொன்று, சில்லுகளைச் சோதித்து அனுப்பும் தொழிற்சாலை. முதல் இடத்தில் சம்பளம் கூடுதல் என்றாலும் அந்தப் பிரிவு நிலைக்குமா என்பதே உங்கள் கவலை. என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பிரிவு நெடுங்காலம் நிலைப்பதற்கான வாய்ப்பு குறைவு. ஆயினும் அந்த ஒரு காரணத்துக்காக வேலையை மறுக்க வேண்டாம்.

வாய்ப்பு குறைவு என்பதற்குப் பழைய கணக்குகளே சாட்சி. பினாங்கில் தொழிற்சாலை வைத்திருக்கும் டெல் நிறுவனம் 2009-ஆம் ஆண்டின் இறுதியில் சீனாவிலும் பிரேசிலிலும் கைப்பேசி விற்பனையில் இறங்குவதாக அறிவித்தது. 2010-இல் 5 அங்குலத் திரையுடன் ஸ்ட்ரீக் என்ற கருவியை வெளியிட்டது. இன்று எல்லார் கையிலும் இருக்கும் அளவுதான் அது. அன்று அதைக் கைப்பேசி என்பதா, பலகைக் கணினி என்பதா என்றே மக்கள் குழம்பினார்கள். போட்டியாளர்கள் ஆண்ட்ராய்டு 2.1-க்கு மாறிவிட்ட நேரத்தில் அது 1.6 பதிப்புடன் கடைக்கு வந்தது. 2012 டிசம்பரில் டெல் திறன்பேசித் தொழிலிலிருந்து விலகியதை உறுதிப்படுத்தியது. இன்னொரு கணினி நிறுவனமான எச்.பி., கைப்பேசி செய்துவந்த பாம் நிறுவனத்தை 2010-இல் 1.2 பில்லியன் டாலருக்கு வாங்கி, அதன் வெப்ஓஎஸ் இயங்குதளத்தில் கைப்பேசியும் பலகைக் கணினியும் செய்தது. டச்பேட் என்ற அந்தப் பலகைக் கணினி விற்பனைக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், 2011 ஆகஸ்ட்டில், அந்தக் கருவிகளையே கைவிடுவதாக அறிவித்தது. லெனோவோ தன் கைப்பேசிப் பிரிவை 2008-இல் 100 மில்லியன் டாலருக்கு விற்று, மறு ஆண்டே அதை 200 மில்லியன் கொடுத்துத் திரும்ப வாங்கியது. அதன் பிறகு 2014-இல் ஏறக்குறைய 2.9 பில்லியனுக்கு மோட்டோரோலா மொபிலிட்டியை கூகுளிடமிருந்து வாங்கியதால்தான் உலகச் சந்தையில் அதற்கென ஓர் இடம் கிடைத்தது. (பாயான் லெப்பாஸில் நீங்கள் பார்க்கும் மோட்டோரோலா சொல்யூஷன்ஸ் வேறு, அது 2011-இல் பிரிந்து, இருவழி வானொலிக் கருவிகளைத் தன்னுடன் வைத்துக்கொண்ட நிறுவனம். இரண்டையும் ஒன்றாக நினைத்து விண்ணப்பிக்கும் மாணவர்கள் உண்டு.)

இத்தனை பணமும் ஆளும் இருந்தும் கணினிக்காரர்கள் ஏன் சறுக்குகிறார்கள் என்பதைப் புரிந்துகொண்டால், உங்கள் மகள் அங்கே எந்த வேலையைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதும் புரியும். பெரும்பாலான மடிக்கணினிகளில் செயலி இன்டெலுடையது அல்லது ஏஎம்டியுடையது, இயங்குதளம் மைக்ரோசாஃப்ட்டுடையது, பொருத்தும் வேலையைப் பெரும்பாலும் தைவான் ஒப்பந்த நிறுவனங்கள் செய்கின்றன. விற்கும் நிறுவனத்தின் திறமை பெரும்பாலும் கொள்முதலிலும், சரக்கை நேரத்துக்கு அனுப்புவதிலும், விற்பனையிலும் இருக்கிறது. கைப்பேசியில் இந்தத் திறமைகள் வேண்டும், ஆனால் போதாது. அது முதலில் ஒரு வானொலிக் கருவி. பல அலைவரிசைகளுக்கான ஆன்டெனாக்கள் உள்ளங்கை அளவுள்ள பெட்டியின் விளிம்பில் இடம் பிடிக்க வேண்டும்; பெட்டி உலோகமானால் அலை தடைபடும்; பயனாளர் கையில் பிடித்தவுடனேயே ஆன்டெனாவின் இயல்பு மாறிவிடும். 2010-இல் ஐபோன் 4 வெளிவந்தபோது, ஒரு மூலையை விரல் மூடினால் அலை குறைகிறது என்று எழுந்த சலசலப்பு உங்களுக்கு நினைவிருக்கலாம். ஆப்பிளுக்கே அந்த நிலை என்றால் புதியவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இதற்கு மேல், கைப்பேசியை வலையமைப்புடன் இணைக்கும் மோடம் சில்லுக்காகச் சில நிறுவனங்களையே அண்டி நிற்க வேண்டும். விற்கும் ஒவ்வொரு கைப்பேசிக்கும் காப்புரிமைத் தொகை கட்ட வேண்டும். விற்ற பிறகும் சில ஆண்டுகளுக்கு மென்பொருள் புதுப்பிப்பு தந்தாக வேண்டும். இலட்சக் கணக்கில் விற்பவருக்கும் கோடிக் கணக்கில் விற்பவருக்கும் வடிவமைப்புக்கும் புதுப்பிப்புக்கும் ஆகும் செலவு ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், சிறிய அளவில் தொடங்குகிறவரின் இலாபம் முதலிலேயே கரைந்துபோகிறது.

ஆப்பிளும் கணினி நிறுவனம்தானே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான், 2007-இல் ஐபோனை அறிவித்த நாளில்தான் அது தன் பெயரிலிருந்து கம்ப்யூட்டர் என்ற சொல்லையே நீக்கியது. ஆனால் சொந்த இயங்குதளமும், 2001 முதல் ஐபாட் மூலம் சிறிய கருவிகளைக் கோடிக் கணக்கில் செய்து விற்ற பழக்கமும் அதனிடம் ஏற்கெனவே இருந்தன. உங்கள் மகளை அழைத்திருக்கும் நிறுவனத்திடம் இவ்விரண்டும் இருப்பதாக உங்கள் கடிதத்தில் தெரியவில்லை.

இனி, ஏன் மறுக்க வேண்டாம் என்கிறேன் என்பதற்கு வருகிறேன். நிறுவனத்தின் ஆயுளும் பொறியாளரின் தொழில் ஆயுளும் ஒன்றல்ல என்பதற்குப் பினாங்கைவிட நல்ல சான்று இல்லை. 1972-இல் இன்டெல், ஏஎம்டி முதலிய நிறுவனங்களோடு இங்கே வந்த எச்.பி.யின் அளவைக் கருவிப் பிரிவும் சில்லுப் பிரிவும் 1999-இல் அஜிலென்ட் ஆயின. 2005-இல் சில்லுப் பிரிவு விற்கப்பட்டு அவாகோ ஆனது, அதுவே பின்னர் பிராட்காம் என்ற பெயரை எடுத்துக்கொண்டது. 2014-இல் அளவைக் கருவிப் பிரிவு கீசைட் ஆனது. கழுத்தில் தொங்கும் அட்டையில் பெயர் இரண்டு மூன்று முறை மாறியும் அதே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் உங்கள் சுற்றத்திலேயே இருக்கக்கூடும். கைப்பேசித் துறையிலும் அப்படித்தான். தைவானின் கைப்பேசி நிறுவனமான எச்.டி.சி. தன் சந்தையை இழந்துகொண்டிருந்த 2017-இல், கூகுள் 1.1 பில்லியன் டாலர் கொடுக்க முன்வந்தது அதன் தொழிற்சாலைக்காக அல்ல. முக்கியமாக அதன் பொறியாளர்கள் ஏறக்குறைய 2,000 பேருக்காக.

ஆகவே, எந்த நிறுவனம் என்பதைவிட எந்த மேசை என்பதே இங்கு முக்கியம். அந்தக் கைப்பேசிப் பிரிவில் ஆன்டெனா, ஆர்.எஃப். (வானொலி அலை) அளவீடு, மின்கல மேலாண்மை, வடிவமைப்புச் சரிபார்ப்பு ஆகியவற்றில் ஒன்றில் உங்கள் மகளுக்கு இடம் கிடைத்தால் சேரச் சொல்லுங்கள். வானொலிச் சுற்றுகளை அளக்கும் நெட்வொர்க் அனலைசரைக் கையாளவும், அலை சுவரில் பட்டுத் திரும்பாத எதிரொலியற்ற அறையில் எடுத்த அளவை வாசித்துப் பிழையின் காரணத்தைக் கண்டுபிடிக்கவும் மூன்று ஆண்டு பழகியவரை, பிரிவு மூடப்பட்டாலும் கார் மின்னணு நிறுவனமோ வானொலிக் கருவி நிறுவனமோ சில்லு வடிவமைப்பு நிறுவனமோ அழைத்துக்கொள்ளும். மாறாக, வெளிநாட்டு ஒப்பந்தத் தயாரிப்பாளருக்கும் தலைமையகத்துக்கும் இடையே மின்னஞ்சல் அனுப்பி அட்டவணையைப் பின்தொடரும் பணி என்றால், சம்பளம் கூடுதலாக இருந்தாலும் புதிய பட்டதாரிக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்தப் பொருள் நின்றுபோகும் நாளில் கையில் எடுத்துச் செல்லத் தொழில்திறன் எதுவும் மிஞ்சாது.

இரண்டாவது கடிதத்தைக் குறைத்து எடைபோட வேண்டாம். பினாங்கிலுள்ள இனாரி அமெர்ட்ரோன் போன்றவை கைப்பேசிக்குள் செல்லும் ஆர்.எஃப். சில்லுகளைப் பொதிந்து சோதிக்கின்றன. சந்தையில் எந்தப் பிராண்ட் வென்றாலும் அத்தகைய வேலை தேவைப்படும். கைப்பேசி என்ற பெயரே இல்லாத தொழிற்சாலை, கைப்பேசித் தொழிலுக்கு அதிக நெருக்கமாக இருப்பதும் உண்டு. அங்கே சோதனை நிரல் எழுதும் பணியா, ஷிப்டில் உற்பத்தி வரிசையை மேற்பார்க்கும் பணியா என்று மட்டும் விசாரியுங்கள். முன்னதானால், சம்பள வித்தியாசம் சில நூறு ரிங்கிட்டுக்குள் இருக்குமானால், நான் இதன் பக்கமே சாய்வேன்.

முதல் நிறுவனத்தின் கடிதத்தில் நிரந்தர வேலையா, குறிப்பிட்ட கால ஒப்பந்தமா என்பதைக் கட்டாயம் பாருங்கள். மலேசிய வேலைச் சட்டத்தின்கீழ் ஆட்குறைப்பு இழப்பீடு, ஓராண்டுக்கு மேல் இரண்டாண்டுக்குள் பணியாற்றியவருக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம், ஐந்தாண்டு வரை 15 நாள், அதற்கு மேல் 20 நாள் என்று குறைந்த அளவாக வகுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் சம்பளம் பெறுகிறவருக்கு இந்தச் சட்டப் பாதுகாப்பு பொருந்தாது. அவருக்கு ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதே கணக்கு. சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோ வழியாக 2018 முதல் நடைமுறையில் உள்ள வேலைக் காப்புறுதித் திட்டம் வேலை இழந்தவருக்குச் சில மாதங்கள் கைகொடுக்கும் என்பதையும் உங்கள் மகள் அறிந்திருக்கட்டும்.

பணிப் பிரிவின் பெயர், நேரடி மேலாளரின் பொறுப்பு, முதல் ஆண்டில் பயன்படுத்தப்போகும் கருவிகள், பிரிவு மூடப்பட்டால் கணினிப் பிரிவுக்கு மாற்றம் உண்டா ஆகிய நான்கையும் மனிதவளப் பிரிவுக்கு மின்னஞ்சலில் கேட்கச் சொல்லுங்கள். முடிவெடுக்க ஒரு வாரம் அவகாசம் கேட்பதை எந்த நல்ல நிறுவனமும் தவறாக எடுத்துக்கொள்ளாது. அந்த மின்னஞ்சலை உங்கள் மகளே எழுதட்டும்; நீங்கள் தொலைபேசியில் அழைத்து விசாரிக்க வேண்டாம். பதில் வந்ததும் இரண்டு கடிதங்களையும் எடுத்துக்கொண்டு அவரையே என்னிடம் அனுப்பி வையுங்கள்.